மூன்று மணி ரேகை

பேயாண்டியை முதன்முதலில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். காறை எலும்பு முறிந்து கை தொங்குகிறது, மாட்டு வண்டி பள்ளத்திலும் மேட்டிலும் விழுந்து எழுந்து வருகிறது, ஐயா வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுகிறார். நான் முப்பத்தாறு வருஷம் கம்பவுண்டர் வேலை பார்த்தவன். வலியில் கத்தினவர்களைப் பார்த்திருக்கிறேன், மயக்கம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எலும்பு முறிந்து தூங்கினவன் அவன் ஒருவன்தான்.

"எங்க வீட்டு மனுசன் கமலையில தூங்கிருச்சு சாமி" என்றாள் அவன் பெண்சாதி அன்னக்கொடி. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கமலை இறைக்கிறவன், மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் உட்கார்ந்து கொள்வான். அப்படி உட்கார்ந்தவன் கண்ணயர்ந்து விழுந்திருக்கிறான். இந்தப் பக்கம் விழுந்ததால் எலும்பு. அந்தப் பக்கம் விழுந்திருந்தால் கிணறு.

அது முப்பத்தொன்பதாம் வருஷம். மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி போகிற பாதையை ஒட்டிய ஊர். பெயர் வேண்டாம். அங்கே ரேகைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. இன்ன சாதியில் பிறந்தால் பிறக்கும்போதே திருடன் என்று சர்க்கார் முடிவு கட்டி, பத்து விரலையும் மையில் தோய்த்து உருட்டி வைத்துக்கொண்டது. ரேகை பதிந்த ஆண்பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை சாவடிக்குப் போய், ஏட்டு முன்னால் தான் ஊரில்தான் இருக்கிறேன் என்று காட்டிப் பெருவிரலை வைத்துவிட்டு வரவேண்டும். மழையோ, காய்ச்சலோ, பெண்சாதிக்குப் பிரசவமோ, அதெல்லாம் ஏட்டுக்குத் தெரியாது. ஒரு ரேகை தவறினால் ஜெயில். பேயாண்டி ஒன்பது வருஷமாக ஒரு ரேகைகூடத் தவறவிடவில்லை. வாழ்நாளில் அவன் திருடினது ஒன்றும் கிடையாது. அவனிடமிருந்து திருடப்பட்டதுதான் உண்டு, அதை எந்த ஸ்டேஷனில் எழுதி வாங்குவார்கள்?

எங்கள் டாக்டர் சிவசங்கரன் படிப்புப் பைத்தியம். சம்பளத்தில் பாதி சீமைப் பத்திரிகைகளுக்குப் போய்விடும். அந்த நாளில் அவருக்குத் தூக்கத்தின்மேல் பித்து. அமெரிக்காவில் இரண்டு பேர் வெயிலே நுழையாத ஒரு குகைக்குள் ஒரு மாதம் தங்கி, ஒரு நாள் என்பதை இருபத்தெட்டு மணியாக்கிப் பார்த்தார்களாம். ஒருவர் உடம்பு இசைந்ததாம், மற்றவர் உடம்பு ஒத்துக்கொள்ளவே இல்லையாம். "மனுஷ உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குங்காணும் சுப்பராமன். ராத்திரி போகப் போக உடம்புச் சூடு இறங்கும். விடியறதுக்கு முன்னால அடிமட்டத்துக்கு வரும். அந்த நேரத்துல எழுப்பறது உடம்பைத் திருகறாப்பல" என்பார்.

"அதற்குக் குகை எதற்கு? நம்ம ஜில்லாவில் ஆயிரக்கணக்கான பேரைச் சர்க்கார் சும்மாவே திருகிக்கொண்டிருக்கிறதே" என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கட்டில் பக்கம் திரும்பிப் பேயாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கட்டைப் பார்க்க வந்தபோது அவனிடம் சொல்லிவிட்டார். நாலு மாதம் அவன் உடம்புச் சூட்டைக் குறித்துப் பார்ப்பது. ரேகைக்காக எழுவது அவனை என்ன செய்கிறது என்று அத்தாட்சியோடு மேலதிகாரிக்கு எழுதுவது. மூன்று மணி ரேகையை அவனுக்கு ரத்து செய்யச் சொல்லிக் கேட்பது. ஒன்பது வருஷமாகப் பழுதில்லாத புள்ளி என்பதால் கேட்பார்கள் என்று அவருக்கு நம்பிக்கை.

"பதினொன்னு இருக்கட்டும் சாமி" என்றான் பேயாண்டி. "மூணு மட்டும் போனாப் போதும். அம்புட்டுத்தான் கேக்குறேன். இன்னொருக்கா கெணத்துப் பக்கம் விழுந்தேன்னா இவளுக்கு யாரு இருக்கா?"

யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் ஒரே குழந்தை சின்னத்தாயைக் காய்ச்சலோடு எங்களிடம்தான் கொண்டுவந்தார்கள். மூன்று வயது. இரண்டு ராத்திரி நான் மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். அன்னக்கொடி ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பாள். "இறங்கினா நல்லது" என்பேன். வேறென்ன சொல்ல? கடைசிவரை இறங்கவில்லை.

அந்தத் தெர்மாமீட்டரைப் பிடிக்க இப்போது அன்னக்கொடிக்கே நான் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ராத்திரி பேயாண்டியின் பக்கத்தில் இருக்கப்போகிறவள் அவள்தானே. எழுத்து, எண் எதுவும் தெரியாது. ஒரு யோசனை பண்ணினேன். காகிதத்தில் தெர்மாமீட்டர் அளவுக்கே படம் போட்டு, நல்ல உடம்பின் சூடு நிற்கிற இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தேன். அவள் கருவியைப் படத்தின்மேல் வைத்து, பாதரசம் நிற்கிற இடத்தில் கரித்துண்டால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து படம். மூன்று மணிக்குரியதை, சாவடியில் மணி அடித்ததும், அவனை எழுப்புவதற்கு முன்னால் வைக்க வேண்டும். ஒன்பது வருஷமாக அவனை எழுப்புவது அவள் வேலைதான். பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கிற தாய்வீட்டுக்குக்கூட அவள் ஒரு ராத்திரி போனதில்லை.

காகிதங்கள் வாரா வாரம் வந்தன. ஒரு புள்ளி சிந்தாமல், கலையாமல், அவ்வளவு சுத்தம். படித்த நர்ஸுகள்கூட அப்படிக் குறித்து நான் பார்த்ததில்லை. டாக்டர் தன் சூட்டையும் என் சூட்டையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். எங்களுக்கு விடியலுக்கு முன் புள்ளி கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கியது. பேயாண்டிக்கு இறங்கவே இல்லை, கோட்டை ஒட்டியே நின்றது. "எழுப்பப் போறாங்கன்னு உடம்பு உள்ளுக்குள்ளயே முழிச்சிண்டு கெடக்கு" என்று டாக்டர் பரிதாபப்பட்டார். கூடவே சந்தோஷமும் பட்டார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒருநாள் காகிதத்தைக் கொடுத்துவிட்டு அன்னக்கொடி நின்றாள். "எறங்கவே மாட்டேங்குதே சாமி. எறங்குனாத் தேவலையா?"

நான் குளிகைக்கு மருந்து அரைத்துக்கொண்டிருந்தேன். எதிரே இருபது பேர் காத்திருக்கிறார்கள். தலை நிமிராமல், "இறங்கினா நல்லது" என்றேன்.

இதை வெறும் ஒரு வாக்கியம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

நாலு மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஐப்பசி மழை. பேயாண்டி பகல் முழுக்க வயலில் வரப்பு வெட்டிவிட்டு, பதினொரு மணி ரேகையை வைத்துவிட்டு, நனைந்து வந்து படுத்தான். மூன்று மணிக்குச் சாவடியில் மணி அடித்தது. அன்னக்கொடி விளக்கைத் தூண்டி, அவன் அக்குளில் கருவியை வைத்து எடுத்துப் படத்தின்மேல் வைத்தாள். ரசம் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே நின்றது. அவ்வளவு கீழே அவள் புள்ளி வைத்ததே இல்லை.

அவள் தோளைத் தொட்டு எழுப்பப் போயிருக்கிறாள். கையை எடுத்துவிட்டாள். சின்னத்தாய்க்குக் கடைசிவரை இறங்காதது இவனுக்கு இறங்கியிருக்கிறது. உடம்பு தேறுகிற நேரம், எழுப்பினால் மறுபடி ஏறிவிடும், கொஞ்சம் பொறுப்போம், இறங்கி முடியட்டும் என்று நினைத்தாள். சாவடி கூப்பிடு தூரம்தானே, கொஞ்சம் பிந்தி ஓடினால் ஏட்டு திட்டுவான், அவ்வளவுதானே? சற்றுப் பொறுத்து, கருவியை உதறி மறுபடி வைத்தாள். இன்னும் இறங்கியிருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ராத்திரி அவள் நாலு தடவை புள்ளி வைத்திருக்கிறாள். கடைசிப் புள்ளி வைக்கும்போது வாசலில் போலீஸ் வந்து நின்றது.

இதையெல்லாம் மறுநாள் காலையில் அவளே சொன்னாள். அழவில்லை. காகிதங்களை என்னிடம் நீட்டி, "எறங்கிருச்சு சாமி. டாக்டர்ட்ட காட்டுங்க. காட்டுனா விட்டுருவாகள்ல?" என்றாள்.

டாக்டர் அந்த நாலு படத்தையும் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தார். அவர் நாலு மாதமாகத் தேடினது அதுதான். முழுசாகத் தூங்கவிட்டால் இந்த உடம்பும் எல்லா உடம்பையும் போலத்தான் என்பதற்கு அது ஒன்றே அத்தாட்சி. ஒரு நிமிஷம் அவர் முகம் மலர்ந்தது. பிறகுதான் நடந்தது அவருக்கு உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மாஜிஸ்திரேட்டுக்கு டாக்டர் மூன்று பக்கம் எழுதினார். சட்டத்தை மீறச் சொல்ல ஆஸ்பத்திரிக்கு அதிகாரம் உண்டா என்று பதில் கேள்வி வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

"அவனை எழுப்ப வேண்டாம் என்று நீர் சொன்னீரா?"

"இல்லை."

"வேறு என்ன சொன்னீர்?"

அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் அதைக் கேட்டிருப்பார், ஒருவேளை என் வேலை போயிருக்கும். அப்போது எனக்குப் பெண்சாதி வேலாம்பாளும் மூன்று பெண் குழந்தைகளும். "ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். பயந்தேன், அவ்வளவுதான். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி பாசாங்கு பண்ணுகிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். பின்வரிசையில் அன்னக்கொடி என்னைப் பார்த்தபடி நின்றாள். மாஜிஸ்திரேட் அவளையும் கேட்டார். "யாரும் சொல்லல எசமான், நானாத்தேன் விட்டுட்டேன்" என்றாள். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாளோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆறு மாதம் போட்டார்கள். மேலதிகாரிக்குப் போகவேண்டிய கடிதம் போகவே இல்லை. பழுதுபட்ட புள்ளிக்கு எவன் சலுகை கொடுப்பான்? டாக்டருக்கு அடுத்த வருஷம் மாற்றல் வந்தது. காகிதங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போனார். அச்சில் ஏதாவது வந்ததா என்று நான் கேட்டு எழுதவில்லை, அவரும் எழுதவில்லை.

அன்னக்கொடி அந்த ஆறு மாதமும் தானே கமலை இறைத்தாள். பேயாண்டி ஜெயிலிலிருந்து வந்தபோது கன்னத்தில் சதை போட்டிருந்தது. "உள்ளதேன் சாமி முழு ஒறக்கம்" என்றான். "அடைச்சா விடியத்தேன் தெறக்குறாக. ராவுல எண்ணுவாக, எழுப்ப மாட்டாக." சொல்லிவிட்டுச் சிரித்தான். அன்று ராத்திரியே பதினொன்றுக்கும் மூன்றுக்கும் ரேகை வைத்தான். இன்னும் ஏழு வருஷம் வைத்தான்.

நாற்பத்தேழில் சட்டத்தை எடுத்தார்கள். சாவடியிலிருந்த ரேகைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பேயாண்டி பகலும் ராத்திரியுமாகத் தூங்குகிறான் என்று ஊரில் கிண்டல் பண்ணினார்கள். தூங்கட்டும், அவன் சம்பாதித்த தூக்கம் என்றேன் நான். ஆனால் அன்னக்கொடிக்கு மூன்று மணிக்கு விழிப்பு வருவது நிற்கவில்லை. எழுப்ப ஆளில்லை, வேலை இல்லை, எழுந்து உட்கார்ந்துவிட்டுப் படுப்பாளாம்.

மறு வருஷம் மார்கழியில் ஒருநாள் காலை ஆள் வந்து என்னைக் கூப்பிட்டான். ஓடினேன். பேயாண்டி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். கழுத்தில் கை வைத்தேன். விறைத்திருந்தது. போய் நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும்.

அன்னக்கொடி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன்மேல் இரண்டு போர்வை, ஒன்று அவளுடையது.

"மூணு மணிக்கு முழிச்சேன் சாமி" என்றாள். "சும்மா அக்குள்ல கைய வச்சுப் பாத்தேன். நல்லா எறங்கிக் குளுந்துருந்துச்சு. சரி, நல்லாத் தூங்குது, எழுப்பக் கூடாதுன்னு போத்திவிட்டுப் படுத்துட்டேன்."

நான் அவன் கழுத்திலிருந்து கையை எடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சின்னத்தாயை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த அதே பார்வை.

"எறங்குனா நல்லதுதானே சாமி? நீங்கதானே சொன்னீக?"

"ஆமா அன்னக்கொடி" என்றேன். "நல்லதுதான்."