வாயைத் தொறந்து சொல்லுங்க, பாய்

தாராவியில் காசிம் பாயின் தோல்பைப் பட்டறையில் யாரும் அதிகம் பேசுவதில்லை. மெஷின்கள் ஓடும் இரைச்சலில் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? புருவத்தைத் தூக்கினால் நூல் வேண்டும். உதட்டைப் பிதுக்கினால் தையல் சரியில்லை. எல்லாம் முகத்திலேயே நடக்கும். இசக்கிதுரைக்கு அந்த முகங்கள்தான் விளங்கவில்லை.

மனச்சிதைவு என்று மருத்துவர் சொல்வதற்கு முன், அவனை ஊருக்குக் கொண்டுபோய், பேய் பிடித்தவன் என்று வேப்பங்குழையால் அடித்தார்கள். அடித்தவர்களில் ஒருவனுக்கும் வெட்கம் கிடையாது. பேய் என்று ஒன்று இருந்தால்தானே போகும்? முதுகில் தழும்புதான் மிஞ்சியது. மாத்திரை தொடங்கிய பிறகு காதில் கேட்ட குரல்கள் அடங்கின. குணமாகிவிட்டது என்று எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். ஆனால் எதிரே இருப்பவரின் முகம் அவனுக்குப் பல் தனியாக, கண் தனியாக, மீசை தனியாகத் தெரிந்தது. சிரிப்பா, சீறலா என்று பிடிபடாது. பிடிபடாதபோதெல்லாம் சீறல் என்றே மனம் முடிவு கட்டியது.

அப்படித்தான் நேற்று, எதிர் மெஷினில் இருந்த காலித் சிநேகமாகச் சிரித்ததைக் கேலி என்று எடுத்துக்கொண்டு, கையிலிருந்த பையை அவன் மேல் வீசிவிட்டு வெளியேறினான். கொக்கி பட்டுக் காலித்தின் நெற்றி கிழிந்தது.

இன்று வேலை இருக்குமா? இந்தப் பட்டறையை விட்டால் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேறு இடமில்லை. காசிம் பாய் முன் போய் நின்றான். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"பாய், கோவமா இருக்கியளா? வாயைத் தொறந்து சொல்லுங்க."

இரைச்சலுக்கு மேல் அவன் கத்திக் கேட்டதற்கு யாரோ சிரித்தார்கள். காசிம் பாய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"கோவம் இல்லலே. பயமா இருக்கு. கத்தி, கத்திரி கெடக்க எடம். வேலைய செய்யி, வேண்டாங்கல. ஆனா அந்த மூலையில செவுத்தப் பாத்து உக்காந்துக்கோ. ஒரு மூஞ்சியும் தெரியாது. ஒனக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

வேலை போகவில்லை. காரை உதிர்ந்த சுவரைப் பார்த்தபடி நூல் பிசிறு வெட்டினான். கால் ஊனமானவனுக்கு ஊன்றுகட்டை கொடுக்கத் தெரிந்த ஊருக்கு, இவனிடம் இரண்டு வார்த்தை வாய்விட்டுப் பேசத் தோன்றவில்லை.

சாய் வந்து மெஷின்கள் நின்ற நேரத்தில் ஒரு கிளாஸ் தோளுக்கு மேலே நீண்டது. திரும்பினான். நெற்றியில் பிளாஸ்திரி. பல். கண்.

"அண்ணே, நான் சிரிக்கேன். கேலி இல்ல. கசம் சே, சத்தியமா," என்றான் காலித்.

குரல்களை நம்பாதே என்றுதான் மருத்துவர் சொல்லியிருந்தார். இதை நம்பலாமா? கிளாஸை வாங்கிக்கொண்டான்.

மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. காலித் இன்னும் ஏதோ சொன்னான். உதடு மட்டும் அசைந்தது. இசக்கிதுரை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.