தங்கவயல் மச்சான்

என் அக்கா முத்துப்பேச்சியின் புருஷன் சுருளியாண்டி, கோலார் தங்கவயலில் முப்பது வருஷம் பூமிக்கடியில் வேலை பார்த்துவிட்டு, எழுபத்து மூன்றாம் வருஷம் எங்கள் ஊர் கோம்பைக்குத் திரும்பி வந்தார். கொண்டு வந்தது ஒரு தகரப்பெட்டியும் கல்தூசி அடைத்த நெஞ்சும்தான். குந்துமணித் தங்கம்கூட இல்லை. அதைச் சொல்லி நான் அவரைச் சீண்டாத நாள் இல்லை.

அவருக்கோ தங்கவயல் பெருமை அடங்காது. டீக்கடையில் யார் சிக்கினாலும் ஆரம்பித்துவிடுவார்.

"பெங்களூருக்கு முந்தியே அங்கன கரண்டு வந்துருச்சு, தெரியுமா? துரைமாருக்கு கிளப்பு, பந்தடிக்கப் புல்வெளி. குட்டி இங்கிலாந்துன்னே பேரு. தங்கத்தைப் பிரிச்செடுத்த சயனைட் மண்ணு மலை கணக்கா குவிஞ்சு கெடக்கும். சாயங்கால வெயில் பட்டா பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"அந்த கிளப்புக்குள்ள நீங்க போயிருக்கீகளா மச்சான்?" என்பேன்.

"வெளிய நின்னு பாத்துருக்கேன் மாப்ள" என்பார் கூசாமல். பிறகு இருமல் வந்து பேச்சை அறுக்கும்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. வெங்காயப் பயிர் வாட, எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தப் போனால் பாறை தட்டியது. வெடி வைக்கும் ஒச்சாண்டி ஆறு குழி போட்டுத் திரி கொளுத்தினான். வெடித்து, புகை அடங்கியதும் நான் இறங்கப் போனேன். மச்சான் குறுக்கே வந்து நின்றார்.

"அஞ்சுதான் வெடிச்சிருக்கு. ஒண்ணு உசுரோட கெடக்கு. இன்னைக்கு யாரும் எறங்கக் கூடாது."

சுரங்கத்தில் வெடிச் சத்தத்தை விரல்விட்டு எண்ணியே பழகியவர். ஆனால் ஒச்சாண்டி ஆறும் வெடித்துவிட்டது என்றான். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

"மிஷின் சத்தத்துல காது போனவுகளுக்கு என்ன தெரியும்? வெங்காயம் காயுது, தள்ளுங்க."

அவர் முகம் சுளிக்கவில்லை. "எங்க சுரங்கத்துல ஒரு வழக்கம் மாப்ள. கணக்குல சந்தேகம்னா, எண்ணுனவன்தான் முதல்ல எறங்கணும்" என்றவர், நான் பிடிப்பதற்குள் கல்படியில் கால் வைத்துவிட்டார். வாசல்படி ஏறினாலே இளைக்கிற மனுஷன் நாற்பது அடி இறங்கினார். ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. கிணற்று விளிம்பில் குனிந்து உள்ளே பார்த்தேன்.

அவர் குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஆறும் வெடிச்சிருக்கு மாப்ள. ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும்போல. தப்பா எண்ணிட்டேன்."

அவரால் ஏற முடியவில்லை. நான் இறங்கி முதுகில் சுமந்து வந்தேன். காய்ந்த சோளத்தட்டைக் கட்டு கனம்கூட இல்லை. என் கழுத்தோரம் அவர் மூச்சு கரகரத்தது. வெட்கமாக இருந்தது. படி நெடுக அழுதுகொண்டே ஏறினேன்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி வெடி வைத்தோம். இனிமேல் எண்ண மாட்டேன் என்றவரை நான்தான் வற்புறுத்திக் கூட்டி வந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். இந்த முறையும் ஆறு குழி. ஆறு சத்தமும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மச்சான் தயங்கித் தயங்கி ஐந்து விரலைக் காட்டினார்.

"சாமானை ஏறக்கட்டு ஒச்சாண்டி" என்றேன். "மச்சான் அஞ்சுன்னு சொல்றாக. நாளைக்கு எறங்கிக்கலாம்."