மூன்று நாளுக்கு முன்னால் வரும் செய்தி

இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்றுதான் பெயர். காலையில் ஊரின் வடக்கு மூலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் தெற்கு மூலையில் இன்னொன்று. ரயில், இரண்டு பஸ், அவசரக் கேஸ் என்று அழைத்தால் வாடகைக் கார். படம் எடுக்கிற நேரத்தைவிடப் போய் வருகிற நேரம் அதிகம்.

கணவன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பான். வீட்டில் அவளும் அம்மாவும் சின்ன மகளும்தான். நாட்டின் மறுகோடியில் ஒரு துறைமுகம் உண்டு. அங்கே அவனுடைய கப்பல் வருஷத்துக்கு இரண்டு தடவை தலைகாட்டும். சரக்கு இறங்குகிற நாளில் நாலு மணி நேரம் அவன் வெளியே வரலாம். தேதி உறுதியாவது மூன்று நாளுக்கு முன்னால்தான். ரயிலில் போனால் போக ஒரு நாள், வர ஒரு நாள். அவ்வளவு லீவு கிடைக்காது. கடைசி நேரத்து விமான டிக்கெட் அரை மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். பதினோரு வருஷத்தில் அவள் போனது நான்கே முறை.

அவளுடைய தம்பிக்கு வங்கியில் கிரெடிட் கார்டு விற்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு விண்ணப்பங்களோடு வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, உனக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு கார்டு வந்திருக்கு. செலவு பண்ணப் பண்ண பாயிண்ட் ஏறும். பாயிண்ட் சேந்தா ஃப்ளைட் டிக்கெட் ஃப்ரீ. ஏர்போர்ட் லவுஞ்ச்ல சோபா போட்டு சாப்பாடும் போடுவான்.”

“இன்னொண்ணு என்னடா?”

“அது வேணாம். ரயில், பஸ், டாக்சின்னு போற காசுல நூத்துக்கு அஞ்சு திருப்பித் தருவான், அவ்ளோதான். பாக்கவே சாம்பல் கலர்ல ரேஷன் கார்டு மாதிரி இருக்கும்.”

அவள் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டாள். நிபந்தனைத் தாள்களை மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். அவற்றின் எழுத்து எறும்பு வரிசை போலிருந்தது. விரல் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, நோயாளிகள் இல்லாத நேரங்களில் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முடிக்க நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் தம்பிக்குப் போன் செய்தாள்.

“இலவச டிக்கெட்டுக்கு எத்தன நாள் முன்னாடி சொல்லணும்?”

“அதெல்லாம் எப்ப வேணா…”

“பதினேழாவது வரியப் படி.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். “இருபத்தோரு நாள்” என்றான்.

“உங்க மாமா கப்பல் எத்தன நாள் முன்னாடி சொல்லும்?”

“மூணு.”

“பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பாயிண்ட் உண்டா?”

“இல்ல போலருக்கு.”

“அப்ப நான் எதுல போய்டா பாயிண்ட் சேக்கறது?”

தம்பியின் குரல் இறங்கிவிட்டது. விமானக் கார்டு விற்றால்தான் அவனுக்கு அந்த மாதக் கணக்கில் சேரும். அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் சாம்பல் கார்டுக்குத்தான் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தன் ஒருத்தியின் செலவில் திரும்பி வரும் காசு ஒருவழி டிக்கெட்டில் பாதிக்குக்கூடப் போதாது என்று அவளுக்குத் தெரியும். வடக்கு ஆஸ்பத்திரியில் ஏழெட்டு நர்சுகள் மாதாமாதம் சீசன் டிக்கெட்டுக்குக் கால் கடுக்க வரிசையில் நிற்பார்கள். “என் கார்டுல போட்டுடறேன், காச என்கிட்ட குடுத்துடுங்க” என்றாள். வரிசை மிச்சம் என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். தலைமை நர்ஸ் மட்டும், “எக்ஸ்ரே அக்கா நம்மள வெச்சு ஏதோ பண்றா, என்னன்னுதான் தெரியல” என்று கேலி செய்தாள். விஷயத்தைச் சொன்னதும், தன் மகனுடைய கல்லூரி ரயில் பாஸையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

பத்து மாதம் கழித்துச் செய்தி வந்தது: வியாழக்கிழமை கப்பல். சேர்ந்திருந்தது போகிற டிக்கெட்டுக்கும் வருகிற டிக்கெட்டில் பாதிக்கும் சரியாக இருந்தது. மீதியைக் கையிலிருந்து போட்டாள்.

துறைமுக வாசலுக்குப் போனால், கப்பல் கட்ட இடமில்லை என்று அதை வெளியிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். கடலோரச் சுவரிலிருந்து பார்த்தால் சீப்புத் துண்டு மாதிரி தெரிந்தது. ஃபிட்டர் போனில் வந்தான்.

“ஆரஞ்சுச் சட்டையோட பின்னாடி நிக்கறேன், தெரியுதா?”

“ஆரஞ்சுப் புள்ளி அஞ்சாறு தெரியுது.”

“கைய ஆட்டறேன் பாரு.”

“எல்லாப் புள்ளியும் ஆடுது.”

மாலை விமானத்தில் அவள் திரும்பியிருக்க வேண்டும். இரண்டு ஆஸ்பத்திரிக்கும் போன் செய்து, “நாளைக்கும் வரமாட்டேன்” என்றாள். அந்த வேலையில் அவள் கேட்காமல் எடுத்த முதல் லீவு அதுதான். டிக்கெட்டை மாற்றிய கட்டணம் தண்டம். துறைமுகத்துக்கு எதிரே ஒரு விடுதியில் தங்கினாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவன் வெளியே வந்தான். மெலிந்திருந்தான், இடது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவள் அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு, “உடையல, சுளுக்குதான்” என்றாள். மாலுமிகள் ஓய்வு விடுதியில் சாப்பிட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டான். இரண்டு நாளாகக் கண் மூடவில்லையாம். ஒன்றரை மணி நேரம் அவள் எழுப்பவில்லை.

விழித்ததும் கடிகாரத்தைப் பார்த்துக் கோபப்பட்டான். “இவ்ளோ தூரம் வந்துட்டு, எழுப்பியிருக்கலாம்ல?”

“ரெண்டு தடவ எழுப்பினேன். நீங்கதான் ‘வால்வை மூடுடா’ன்னு திட்டிட்டுப் படுத்துட்டீங்க” என்று கூசாமல் பொய் சொன்னாள்.

அவன் சிரித்தான். மிச்சமிருந்த நேரத்தில் மகளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கினார்கள். அளவு எட்டு என்று அவன் சொன்னான், ஒன்பது என்று அவள் சொன்னாள். அவள் சொன்னதையே வாங்கினார்கள்.