நாய்க்கு ஓர் அர்ச்சனை

பித்தளைக் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். அதை நகர்த்த யாருக்கும் கை வராது. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே குழாய்தான். அங்கே தினமும் சண்டை நடக்கும். கிராணி அக்கா கதை சொல்லத் தொடங்கிய பிறகு எங்களுக்குச் சண்டை போடவும் நேரமில்லாமல் போயிற்று.

ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவரின் மனைவி அவர். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர். ஒரு கப்பல் சாகச நாவலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, காலையில் குழாயடியில் தமிழில் சொல்வார். மாலுமிகள் ஒரு தீவில் தவறவிட்டுப் போன நாயின் கதை அது. கப்பலில் எஜமான் ஊட்டினால்தான் தின்னுமாம், அவ்வளவு செல்லம். தீவில் பசி வாட்டியது. முதலில் பறவை முட்டையைத் திருடியது. பிறகு எதைக் கண்டாலும் உறுமியது. "பாருங்கோ, இப்ப அது களவெடுக்கவும் பழகிட்டுது" என்று அக்கா சொன்னபோது, சொந்தத் தம்பி கெட்டுப்போனாற்போல எதிர்வீட்டுக்காரி மூக்கைச் சிந்தினாள்.

என் கவலை வேறு. வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரருக்கும் பட்டறை வேலை போய்விட்டது. போகிற இடமெல்லாம் சிரிக்கவைத்த மனிதர், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். சோறு வைத்தால் முறைப்பு, வைக்காவிட்டால் அதைவிட முறைப்பு. நான் கட்டிக்கொண்ட மனிதர் திரும்பி வருவாரா என்று யாரிடம் கேட்பது? அதனால் நாயைப் பற்றிக் கேட்டேன்.

"பழைய குணம் திரும்ப வருமாக்கா?"

"பொறுங்கோ பிள்ளை, நானே இன்னும் அந்த இடத்துக்கு வரேல்லை."

ஒருநாள் கதையில் கப்பல் திரும்பி வந்தது. பழைய எஜமான் கரையில் இறங்கிக் கூப்பிட்டான். புதரிலிருந்து பல்லைக் காட்டியபடி நாய் பாய்ந்தது. அங்கே நிறுத்திவிட்டு அக்கா கிள்ளானுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார், புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு! எங்கள் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் கோயிலிலிருந்து அர்ச்சனைத் தட்டோடு வந்தார்.

"வேலை கிடைச்சிருச்சா?" என்று ஓடினேன்.

"இல்ல. அந்த நாய்க்கு." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுக்குன்னு சொன்னா ஐயர் விரட்டுவாரு. சாமி பேருக்குன்னு சொல்லிட்டேன்."

அத்தனை நாளும் சன்னலுக்குப் பின்னால் நின்று கதை கேட்டிருக்கிறார்! நான் சிரித்தேன். அவரும் அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்தார். உடைத்த தேங்காயைத் தின்றுகொண்டே இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

அக்கா திரும்பி வந்ததும் முடிவைச் சொன்னார். நாய் எஜமானின் காலைக் கவ்வியதாம், விடாமல் உறுமியதாம். வால் மட்டும் தன்பாட்டில் ஆடியதாம். "பல்லுத்தான் மாறினது பிள்ளையள், வால் மாறேல்லை."

பிறகு என் வீட்டுக்காரருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. உறுமல் மட்டும் கூடவே தங்கிவிட்டது. இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. இன்று காலை அக்காவை நினைத்து நின்றதில் அதே குடம் நிரம்பி வழிந்தது.

"கனவா காண்ற? தண்ணி வழியுது பாரு!"

கத்திக்கொண்டே வந்து குழாயை மூடினார். நான் குனிவதற்குள் குடத்தைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி அடுப்படிக்கு நடந்தார். பின்னாலிருந்து பார்த்தேன். வால் நன்றாகவே ஆடியது.