போல்ட்டைத் திறந்தால் ஒரு ஸ்தோத்திரம்

மகாதேவன் முதன்முதலாகத் துப்பாக்கி சுடப் பழகப் போன அன்று, ஆபீஸ் பேண்ட்டும் பளபளக்கும் ஷூவுமாகப் போய் நின்றார். சான் ஹோசேக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருந்தது அந்த கிளப். குப்புறப் படுத்துச் சுட வேண்டும். கீழே எல்லாம் சரளைக்கல். விரிக்க ஒன்றும் கொண்டுபோகவில்லை. படுத்தவர் முழங்கை குத்தி, "ஐயையோ!" என்றார். பக்கத்தில் படுத்திருந்த கறுத்து நெடுத்த மனிதர் திரும்பிப் பார்த்தார். தன் விரிப்பை உருவி இவர் பக்கம் தள்ளினார்.

"போட்டுக்கிடும். எனக்கு இதுல படுத்தா வேர்க்கும்" என்றார், தமிழிலேயே.

சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போதுதான் மகாதேவன் அவருடைய முழங்கைகளைப் பார்த்தார். இரண்டும் தோலுரிந்து ரத்தம் கசிந்திருந்தன. கேட்டதற்கு அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அப்படிக் கிடைத்த சிநேகிதர்தான் தேவநேசன். நாசரேத்துக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து, நர்ஸ் வேலை கிடைத்த மனைவி கிருபாராணியோடு அமெரிக்கா வந்தவர். சான்டா கிளாராவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். மகாதேவனோ சன்னிவேலில் இன்ஜினியர். முட்டைகூடத் தொடாத மனுஷர்.

"கறி திங்காத ஆளுக்குத் துப்பாக்கி எதுக்குவே?" என்பார் தேவநேசன்.

"பேப்பரைத்தானே சுடறேன்? பேப்பர் ப்யூர் வெஜிடேரியன்!"

இரண்டு வருஷம் இப்படிச் சிரிப்பும் பேச்சுமாக ஓடியது. எண்பத்தைந்தாம் வருஷக் கோடையில் பட்டறையில் ஓர் இரும்புத் தண்டு நழுவி, தேவநேசனின் வலது தோளில் இறங்கியது. கர்த்தர் காத்தார், எலும்பு முறியவில்லை. ஆனால் அவர் வைத்திருந்தது போல்ட் துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் கைப்பிடியைத் தூக்கி இழுத்து, வெற்றுத் தோட்டாவைத் தள்ளி, புதிதை ஏற்ற வேண்டும். குறி தப்பாதுதான்; ஆனால் சுட்டால் தோளில் உதைக்கும், கோவேறு கழுதை உதைத்ததுபோல.

அக்டோபரில் கிளப்பில் ஜோடிப் போட்டி. அறுநூறு கெஜம் தூரம், ஆளுக்கு இருபது குண்டு. இரண்டு பேரும் பெயர் கொடுத்திருந்தார்கள். கிருபாராணி இடுப்பில் கைவைத்து நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"போங்க, வேண்டாங்கல. ஆனா வீட்டுக்கு வந்ததும் நான் தோளை அமுக்கிப் பார்ப்பேன். முகம் சுளிச்சீங்களோ, அன்னைக்கோட கிளப்பு கிடையாது. மகாதேவன் அண்ணே, நீங்கதான் சாட்சி."

மகாதேவன் அன்றே கிளப்பில் சொல்லி, செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். "இதுல அடுத்த குண்டு தானா ஏறிடும். அந்த வேலைக்கே கொஞ்சம் ஃபோர்ஸ் போயிடறதால கிக் கம்மி. உங்க தோளுக்கு இதுதான் கரெக்ட்."

உதை குறைந்தது உண்மைதான். ஆனால் குறியும் போயிற்று. குறி அட்டையின் நடுக் கறுப்பில் அடித்துக்கொண்டிருந்த மனிதர் ஓரத்து வெள்ளையில் அடித்தார். மூன்று சனிக்கிழமை இதே கதை. "இது நமக்கு வசப்படலவே. நீரு வேற ஜோடி பாரும்" என்று தேவநேசன் சொல்லிவிட்டார்.

நான்காவது சனிக்கிழமை மகாதேவன் சுடவில்லை. பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் பழைய போல்ட் துப்பாக்கியில் ஐந்து குண்டு போடச் சொன்னார். ஒவ்வொரு முறை சுட்டதும் தேவநேசன் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுத்தார், போல்ட்டைத் திறந்தார், வாய்க்குள் என்னவோ சொன்னார்.

"என்ன முணுமுணுக்கறீங்க?"

தேவநேசனுக்கு வெட்கமாகிவிட்டது. "ஸ்தோத்திரம் சொல்லுவேன். பட்டாளத்துலயே பழக்கம்."

"ஸ்தோத்திரமா! எந்த சாமி மேல? எத்தனை ஸ்லோகம்?"

"ஸ்லோகமா? வே, 'ஸ்தோத்திரம்'னு ஒரு வார்த்தைதான். ஆண்டவருக்கு நன்றி. அம்புட்டுத்தான்."

"சரியா படலன்னா?"

"அப்பவும் ஸ்தோத்திரந்தான். பட்டாத்தான் சொல்லுவேன்னா அதுக்குப் பேரு வியாபாரம்லா?"

மகாதேவன் விழுந்து விழுந்து சிரித்தார். சரி, இப்போது மற்றதில் சுடுங்கள் என்றார். அதில் ஐந்து குண்டு நிரப்பியிருந்தது. சுட்டதும் அடுத்தது தானே ஏறிக்கொண்டது. எதிரே அட்டையைக் கீழே இறக்கி, குண்டு பட்ட இடத்தில் அடையாளம் வைத்து மறுபடி ஏற்றும்வரை, தேவநேசன் கன்னத்தை எடுக்கவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்துக் கிடந்தார். கைக்கு வேலை இல்லாததால் வாய்க்கும் வார்த்தை வரவில்லை.

மகாதேவன் எழுந்து உட்கார்ந்தார். "ஸ்தோத்திரம் எங்கே?"

தேவநேசன் திகைத்தார். "அதைச் சொல்ல இதுல இடமே இல்லையே!"

"இடம் பண்ணிடலாம்" என்று மகாதேவன் குண்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்றைப் போட்டார். ஒன்றுதான் இருந்தால், சுட்டதும் அந்தத் துப்பாக்கி வாயைத் திறந்தபடி நின்றுவிடும்; அடுத்ததைக் கையால்தான் கொடுக்க வேண்டும். தேவநேசன் சுட்டார். அது திறந்து நின்றது. கன்னத்தை எடுத்தார், மூச்சு விட்டார். "ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டே சொன்னார். அடுத்த குண்டு கறுப்புக்குள் போய் உட்கார்ந்தது. அதற்கடுத்ததும் அங்கேயே.

போட்டியில் பதினொரு ஜோடி. இவர்களுக்கு நான்காம் இடம். குறை மகாதேவனுடையது, தேவநேசனுடையது அல்ல. அதைப் பற்றி இருவரும் கவலைப்படவில்லை. பரிசோதனை வீட்டில் அல்லவா இருந்தது! கிருபாராணி வாசலிலேயே நிறுத்தி, நர்ஸ் விரலால் தோளை நாலு இடத்தில் அமுக்கினார். தேவநேசன் முகம் சுளிக்கவில்லை. மகாதேவன்தான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"ம். போய்த் தொலைங்க அடுத்த வாரமும்" என்றார் கிருபாராணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

எண்பத்தேழில் கிருபாராணிக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்தது. புறப்பட்ட அன்று காலையிலிருந்து மகாதேவனே பெட்டிகளையெல்லாம் தூக்கி வண்டியில் ஏற்றினார். தோள்காரரைத் தூக்க விடவில்லை. தேவநேசன் தலையணைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ள வாய்க்கவே இல்லை; கடிதமும் கிறிஸ்துமஸ் வாழ்த்தும்தான். அன்று வண்டி கிளம்பும்போது தேவநேசன் கண்ணாடியை இறக்கி, நண்பரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, காதில் சொன்னார்:

"தோள்ல வலி போயி ஆறு மாசமாச்சுவே. கிருபாகிட்ட மட்டும் சொல்லிடாதீரும். தெரிஞ்சா அங்க போயி பெட்டியெல்லாம் நானே இறக்கணும்லா."