அண்ணி ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம், நடுவில் வினிகர்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் மெதுவாக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "மெதுவா, மெதுவா, யாரும் நம்மளத் துரத்தல" என்று அவள் பாடும் பாட்டைக் கேட்காத காது அந்த வட்டாரத்தில் குறைவு. காரில் எத்தனை கீறல் உண்டோ அத்தனை பேருக்கு உரிமம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்று அவள் கணவன் கேலி செய்வான். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். பொறுமை அவள் பிழைப்பு.

ஆனால் அந்தப் பொறுமையெல்லாம் சாலையோடு சரி. வீட்டில் ஒரு சட்டை அதைக் கிழித்துவிட்டது.

கணவனின் தங்கை தையல்காரி. கல்யாணம் வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டு, அதே வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தவள். கைக்குத் தகுந்த வாய். அவள் தைத்துக் கொடுத்த சட்டை தோளில் பிடிக்கிறது, கொஞ்சம் தளர்த்திக் கொடு என்று அண்ணி கேட்டதற்கு, அளவு கொடுக்க வந்திருந்த நாலு பேர் முன்னால் அவள் சொன்னாள்:

"துணி அப்படியேதான் இருக்கு அண்ணி. உடம்புதான் கேக்காம வளருது."

நாலு பேரும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

கணவனுக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. இப்போது வீட்டிலும் அதே வேலை. "உங்க தங்கச்சிகிட்ட தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க" என்பாள் இவள். "அண்ணா, அப்பவே நிறுத்தியாச்சுன்னு அவங்ககிட்ட சொல்லு" என்பாள் அவள். இருவருக்கும் நடுவே ஒரு கதவு அகலம்தான் இருக்கும். "ஆபீஸ்லகூட நான் இவ்வளவு தபால் பார்த்ததில்ல" என்று அவன் தலையில் கை வைத்துக்கொள்வான்.

கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம் இறங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவன்தான் வாங்கி வைத்தான். ஆரஞ்சு மீன் ஜோடி ஒன்று, நீல மீன் ஒன்று, பாறைமேல் விரல் விரலாகவும் பூப் பூவாகவும் பவளங்கள். கடந்து போகும்போதெல்லாம் அவன் ஒரு சிட்டிகை தீனி போடுவான். "பாவம், வாயைத் தொறந்துகிட்டே இருக்கு!"

"மூச்சு விடறதுக்கும் அது வாயைத்தான் தொறக்கணும்" என்று அவன் மனைவி சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே.

மிஞ்சிய தீனி அழுகி, தண்ணீர் கெட்டது. பாறையில் பச்சைப் பாசி தலைமுடி மாதிரி வளர்ந்தது. பவளங்கள் சுருங்கிக்கொண்டன. நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் காரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவளுக்கு, மாலையில் அந்தத் தொட்டி முன்னால் உட்காருவதுதான் இளைப்பாறல். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. மீன் கடைக்காரரிடம் போனாள்.

"தண்ணியில சத்து மிஞ்சிப்போச்சுக்கா. நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் ஏறியிருக்கு, பாசிக்கு விருந்து" என்றார் அவர். "தினமும் கொஞ்சம் வெள்ளை வினிகர் ஊத்துங்க."

"வினிகரா? மீனை ஊறப்போடவா சொல்றீங்க?"

"அதுல இருக்கிற கார்பன் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. அதைத் தின்னு பெருகும்போது, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்து இழுத்துக்கும். அப்புறம் உங்க நுரை எடுக்கிற மெஷின் அந்த பாக்டீரியாவை வெளிய தள்ளிடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, வாரத்துக்கு வாரம் துளித்துளியாத்தான் ஏத்தணும். அவசரப்பட்டா பாக்டீரியா கூட்டம் போட்டு, தண்ணியில இருக்கிற காத்தையெல்லாம் குடிச்சிடும்."

"மெதுவாப் போகணும்னு எனக்கே பாடமா?" என்று சிரித்துவிட்டு வந்தாள்.

வினிகர் பாட்டிலைக் காரில் வைத்துக்கொண்டாள். காலையில் முதல் மாணவர் வருவதற்கு முன், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து தொட்டியில் விடுவாள். வாரங்கள் போகப் போகப் பாசி உதிர்ந்தது. சோதனை மருந்து விட்டுப் பார்த்தால், நைட்ரேட்டைக் காட்டும் அடர்சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பானது. கடைக்காரர் சொன்னதைவிட வேகமாகவே இறங்கியது. தன் கைராசி என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மதிய மாணவர் வராததால் சீக்கிரம் வீடு திரும்பினாள். செருப்பைக் கழற்றும்போதே குரல் கேட்டது.

"அண்ணி! ஓடி வாங்க அண்ணி!"

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு நேராக வந்த முதல் வார்த்தை. உள்ளே ஓடினாள். தொட்டி பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"காத்துக் குழாய் எங்க?"

"நுரை மெஷினுக்குப் பின்னாடி. நீங்க பிளக்கைப் போடுங்க, நான் பிடிச்சுக்கறேன்!"

"ஜன்னலைத் தொற! மாத்தறதுக்குக் கலக்கி வெச்ச உப்புத்தண்ணி வாளியை இழு!"

ஒருத்தி அழுக்குத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்ற, ஒருத்தி புதுத் தண்ணீரை உள்ளே ஊற்ற, கூடமெல்லாம் குளமானது. குமிழிகள் எழும்பத் தொடங்கி வெகுநேரம் கழித்து நீல மீன் மெல்லக் கீழே இறங்கியது. இருவரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்கள்.

"என்னாலதான் அண்ணி" என்றாள் நாத்தனார் அழாக்குறையாக. "நூல் வாங்கப் போனப்போ மீன் கடையில கேட்டேன். தினமும் மத்தியானம் வினிகர் ஊத்தறேன். உங்களுக்குப் பிடிச்ச தொட்டியாச்சே, பாசி பிடிச்சுக் கிடக்கேன்னு..."

அண்ணி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "நீயுமா? நான் காலையில ஊத்தறேன்டி!"

"தினமுமா?"

"தினமும்! வாராவாரம் ஏத்தி வேற ஊத்தறேன்!"

"நானும் ஏத்தினேனே!"

ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை தீரவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவே நாத்தனார், "அந்தச் சட்டையைக் குடுங்க, பிரிச்சுத் தர்றேன். தப்பா வெட்டினது நான்தான்" என்றாள்.

"உடம்பும் கொஞ்சம் வளர்ந்துதான் இருக்கு, விடு" என்றாள் அண்ணி.

வேலை முடிந்து வந்த கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே இரண்டு பெண் குரலும் உச்சத்தில் கேட்டால் அவன் வேறென்ன நினைப்பான்? எதிர்க்கடையில் போய் ஒரு டீ குடித்தான். திரும்பி வந்தான். சத்தம் ஓயவில்லை. இன்னொரு டீயும் குடித்துவிட்டுத் துணிந்து உள்ளே போனவனை நிற்கவைத்து, அவன் கண்ணெதிரே இருவரும் சேர்ந்து தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அவன்தானாம்.

சில நாள் வினிகரே இல்லை. தண்ணீர் தெளிந்த பிறகு மீண்டும் சொட்டிலிருந்து தொடங்கினார்கள். ஊற்றுவது அண்ணி, சோதிப்பது நாத்தனார். நைட்ரேட்டைச் சுத்தமாகத் துடைத்துவிடவும் கூடாது, பவளத்துக்கும் கொஞ்சம் சத்து வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால், ஏறினாலும் இறங்கினாலும் இருவருக்கும் ஒரு விவாதம். இப்போது எல்லாம் நேருக்கு நேர்தான். பவளங்கள் விரிந்து, விரல் நுனியெல்லாம் ஊதா ஏறியது.

போன ஞாயிற்றுக்கிழமை புதுப் பவளம் வாங்க இருவரும் காரில் கிளம்பினார்கள். கடையில் ஒருத்தி பச்சைதான் வேண்டும் என்றாள், ஒருத்தி ஆரஞ்சு என்றாள். கடைக்காரர் தெரியாத்தனமாக, "ரெண்டு பேரும் தனித்தனியா வருவீங்களே, ஒரே வீடா?" என்று கேட்டுவிட்டார். பிறகு அவர்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொன்ன கதையைக் கேட்டு முடிப்பதற்குள் அவருக்குக் கடை அடைக்கும் நேரமாகிவிட்டது.