அம்மன் கோயில் அரளி

இதை எழுத ஒன்பது வருடமாகத் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், முதல் வரியிலேயே கை நின்றுவிடும். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி ரப்பர் தோட்டத்தை விற்ற பிறகும், மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே, தோட்டத் தொழிலாளருக்கென வரிசையாய்க் கட்டிய அந்தப் பழைய லயத்து வீடுகளில் சில குடும்பங்கள் இருந்தோம். மாரியம்மன் கோயில் வேலியோரம் செவ்வரளி நட்டவன் நான். ஒரு முழக் குச்சியை ஊன்றினால் போதும், வெயிலில் அது பாட்டுக்கு வளரும். பூத்து ஓய்ந்ததும் வெட்டிவிட்டால் புதுத் துளிரில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். வெள்ளிக்கிழமை மாலைக்கு நாங்கள் கடையில் பூ வாங்கியதே இல்லை. அதன் பால் விஷம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பச்சை இலையை மாடுகள் முகர்ந்துவிட்டு விலகிப் போவதைப் பார்த்திருந்தேன். அதனால் பயப்படவில்லை.

அந்த ஆடித் திருவிழா முடிந்ததும் செடியை வெட்டினேன். அம்மன் செடியின் கிளைகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை, கால் படுமே. பக்கத்து வீட்டு அக்காவின் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சுத்தமான இடம். கோமாதா இருக்கும் இடம்தானே என்று அங்கே அடுக்கி, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அக்காவின் கறவை மாடு செத்துக் கிடந்தது. அந்தப் பாலில்தான் அந்த வீடே ஓடியது. பீடோர் ஊரிலிருந்து அக்காவின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு மருமகள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"காலெடுத்து வச்சா பாரு, கொட்டாயே காலி!" என்றார் அக்கா, எல்லார் முன்னாலும்.

"நான் என்ன அத்தே செஞ்சேன்? தண்ணி காட்டுனேன், அவ்ளோதான்."

"அதான்லா! நீ தொட்டதுதான்லா!"

மாட்டின் வாயோரம் வாடிய அரளி இலை ஒட்டியிருந்தது. பச்சையில் ஒதுக்கும் மாடு வாடியதைத் தின்றுவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. குழி வெட்டியதும் நான்தான். மிச்சக் கிளைகளையும் அதே குழியில் போட்டு மூடினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுவாரம் அந்தப் பெண் பையோடு பஸ்ஸுக்கு நின்றாள்.

"எங்கம்மா போற?"

"அம்மா வீட்டுக்கு மாமா. ராசியில்லாதவ இங்க இருந்து என்ன பண்ண?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பாத்துப் போம்மா" என்றுதான் வந்தது. அவள் திரும்பி வரவேயில்லை.

போன மாதம் அக்கா இறந்தார். துக்க வீட்டிலும் அதே பேச்சு: "அந்த மருமக வந்த நேரம்லா." சாப்பிடாமல் எழுந்து வந்தேன். மறுநாளே பீடோருக்குப் போனேன். காலைச் சந்தையில் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கீரையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். கடைசிக் கட்டையும் அடுக்கிவிட்டுச் சொன்னாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன மாமா? எனக்குத்தான் தெரியுமே, நான் ஒண்ணும் செய்யலன்னு. அங்க, லயத்துல இருக்கவங்ககிட்ட சொல்லுங்க."

அதனால்தான் எழுதுகிறேன். வெட்டிய அரளியை ஆழமாகப் புதையுங்கள். எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. இதை யாரிடம் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு 'யாரோ வெட்டிப் போட்டது' என்று மாற்றிவிடாதீர்கள். கோயில் அரளியை நட்டவனே வெட்டினான், அவனே மறைத்தான். அந்தப் பெண் தண்ணீர் மட்டும்தான் காட்டினாள்.